கணக்குப்பிள்ளையும் சர்வாதிகாரியும்: ஹிசேன் ஹப்ரே வழக்கு

2001 மே மாதம். ஆப்பிரிக்காவில் உள்ள சாட் நாட்டின் தலைநகர் இன்ஜமேனாவில் ஆள் நடமாட்டம் நின்றுபோன ஒரு பழைய அரசுக் கட்டடம். ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் வழக்கறிஞர் ரீட் பிராடியும் அவருடைய சகா ஒலிவியே பெர்கோவும், உள்ளூரில் பாதிக்கப்பட்டவர்களின் சங்கத்து ஆட்களோடு, இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் உள்ளே போனார்கள். ஒரு அறைக்குள் நுழைந்தால் தரையே தெரியவில்லை. முழுக்கக் காகிதம். கைதிகள் பட்டியல், விசாரணைக் குறிப்பு, ஒற்றர்கள் எழுதிய அறிக்கை, சிறையில் செத்தவர்களின் பெயர்கள் என்று பத்து வருடத் தூசி மூடிக் கிடந்தது. மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

அந்தக் கட்டடம் டிடிஎஸ்ஸின் தலைமையகம். 'ஆவணப்படுத்தல் மற்றும் பாதுகாப்பு இயக்குநரகம்' என்பது அதன் முழுப்பெயர். பேருக்குத்தான் ஆவணப்படுத்தல், உண்மையில் அது ரகசிய போலீஸ். ஆனால் பேருக்கு ஏற்றபடி ஆவணமும் படுத்தித்தான் வைத்திருந்தார்கள். ஆட்களை அடித்துக் கொன்றுவிட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, நகலெடுத்துக் கோப்பில் சேர்த்திருக்கிறார்கள். இந்த வழக்கில் எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம் அதுதான்.

இடி அமீன் என்றால் நம் ஊர் டீக்கடையில்கூடத் தெரியும். ஹிசேன் ஹப்ரே என்றால் யார் என்று கேட்பார்கள். 1982 முதல் 1990 வரை எட்டு வருடம் சாட் நாட்டை ஆண்டவர். ஒரு நாட்டின் முன்னாள் அதிபரை இன்னொரு நாட்டின் நீதிமன்றத்தில் மனித உரிமைக் குற்றங்களுக்காக நிறுத்தித் தண்டித்த முதல் வழக்கு இவருடையது. அந்தத் தண்டனை வருவதற்குள் என்னென்ன நடந்தது, வந்த பிறகு என்ன நடக்கவில்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

யார் இந்த ஆள்

1942இல் வடக்கு சாட்டின் பாலைவன ஊரான ஃபயா லார்ஜோவில், கால்நடை மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். கெட்டிக்காரப் பையன் என்று பாரிஸுக்குப் படிக்க அனுப்பப்பட்டார். படித்துத் திரும்பி வந்து கிளர்ச்சிப் படையில் சேர்ந்தார். 1974இல் ஃபிரான்ஸுவாஸ் கிளோஸ்த்ர் என்ற பிரெஞ்சு தொல்லியல் ஆய்வாளரை இவருடைய ஆட்கள் கடத்தியபோதுதான் உலகத்துக்கு இவர் பெயர் தெரிந்தது. அந்தப் பெண் மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிணைக்கைதியாக இருந்தார். அவரை மீட்கப் பேச்சுவார்த்தைக்குப் போன பிரெஞ்சு ராணுவ அதிகாரி கலோப்பேனைக் கொன்றே விட்டார்கள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தன் அதிகாரியைக் கொன்ற கூட்டத்தின் தலைவனுக்கே பத்து வருடத்துக்குள் பிரான்ஸ் படை அனுப்பிக் காவல் நின்றது.

காரணம் கடாஃபி. சாட்டின் வடக்கு எல்லையில் லிபியா. ஔஸூ என்ற நிலப்பட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு, உள்நாட்டுப் போரில் ஒரு பக்கம் நின்று, கீழே இறங்கப் பார்த்தார் கடாஃபி. ரீகன் ஆட்சியில் இருந்த அமெரிக்காவுக்கு அவர் கண்ணில் விழுந்த தூசி. அவரைத் தடுக்க ஒரு முரட்டு ஆள் வேண்டும், ஹப்ரே கிடைத்தார். 1982 ஜூன் 7 அன்று ஹப்ரேயின் படை இன்ஜமேனாவுக்குள் நுழைந்ததில் அமெரிக்க ரகசியப் பணத்துக்கும் ஆயுதத்துக்கும் பங்கு உண்டு. பிரான்ஸ் 1983இல் ஒரு முறை, 1986இல் மறுமுறை என்று படை அனுப்பியது. 1987இல் டொயோட்டா பிக்கப் வண்டிகளில் ஏவுகணையை ஏற்றிக்கொண்டு லிபிய டாங்கிகளை ஹப்ரேயின் ஆட்கள் பாலைவனத்தில் விரட்டியடித்தார்கள். அதே வருடம் ஜூனில் வெள்ளை மாளிகையில் ரீகன் அவரைக் கைகுலுக்கி வரவேற்றார்.

அந்தக் கைகுலுக்கல் நடந்த வருடத்தில்தான் ஹஜராய் இன மக்களை வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். இது ஹப்ரேயின் வழக்கம். எந்த இனத்தைச் சேர்ந்த தலைவர் முரண்டு பிடிக்கிறாரோ, அந்த இனம் முழுவதும் எதிரி. 1984இல் தெற்கத்தி மக்கள். அந்த செப்டம்பரை அங்கே இன்றும் 'கறுப்பு செப்டம்பர்' என்றுதான் சொல்கிறார்கள். சமாதானமாகி அரசுப் படையில் சேரலாம் என்று நம்பி வந்த தெற்கத்திக் கிளர்ச்சியாளர்களை, 'கோடோ' என்று அவர்களுக்குப் பெயர், தெலி என்ற பண்ணையில் கூட்டிவைத்துச் சுட்டார்கள். கிட்டத்தட்ட 200 பேர். அப்புறம் 1987இல் ஹஜராய், 1989இல் ஸகாவா.

நீச்சல் குளம்

டிடிஎஸ் 1983 ஜனவரியில் ஒரு அரசாணை மூலம் உருவானது. அமைச்சர் யாரும் நடுவில் கிடையாது, நேராக அதிபருக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். வரிசையாக வந்த இயக்குநர்கள் எல்லாரும் அவருக்கு நெருக்கமானவர்கள், பெரும்பாலும் அவருடைய கொரான் இனத்தவர்.

தலைநகரில் மட்டும் இவர்களுக்கு ஏழு சிறைகள் இருந்தன. ஒன்று அதிபர் மாளிகை வளாகத்துக்குள்ளேயே. இன்னொன்றுக்குப் பெயர் 'லா பிஸீன்', அதாவது நீச்சல் குளம். உண்மையான நீச்சல் குளம்தான். காலனிக் காலத்தில் பிரெஞ்சு ராணுவக் குடும்பங்கள் குளித்து விளையாடக் கட்டியது. ஹப்ரேயின் ஆட்கள் தண்ணீரை வடித்துவிட்டு, மேலே கான்கிரீட் தளம் போட்டு மூடி, உள்ளே பத்து அறைகளாகத் தடுத்தார்கள். படியிறங்கிப் போக வேண்டும். இன்ஜமேனாவில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். காற்று போக வர வழியில்லாத கான்கிரீட் தொட்டிக்குள், கால் நீட்டப் படுக்க முடியாத நெரிசலில் ஆட்களை அடைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. செத்தவர்களை உடனே எடுத்துக்கொண்டு போகவும் மாட்டார்களாம். இன்னும் சிலர் சாகட்டும், ஒரு நடையில் முடித்துவிடலாம் என்று காத்திருப்பார்கள். பிணத்தின் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவர்கள் பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொன்னார்கள்.

சித்திரவதையில் ஒன்றுக்கு அங்கே 'அர்பதாஷார்' என்று பெயர். இரண்டு கையையும் இரண்டு காலையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுவது. மார்பு முன்னால் பிதுங்கும், மூச்சு திணறும், ரத்த ஓட்டம் நின்று கை கால் மரத்துவிடும். கொஞ்ச நேரத்தில் அவிழ்த்தால் தழும்போடு தப்பலாம். நேரமானால் கையோ காலோ வாழ்நாள் முழுக்க விளங்காது. இன்ஜமேனாவில் வயதான ஒருவரின் மேற்கையில் பட்டை பட்டையாகக் கயிற்றுத் தழும்பு இருந்தால் பார்க்கிறவர்கள் கதை கேட்பதில்லை.

பிணங்களைப் புதைத்த இடம் ஊருக்கு வெளியே ஹம்ரல் கோஸ் என்ற வெட்டவெளி. புதைத்தவர்களும் கைதிகள்தான். கிளெமோன் அபைஃபுத்தா என்பவர் ஜெர்மனியில் படிக்க உதவித்தொகை கிடைத்துக் கிளம்ப இருந்த மாணவர். 1985இல் பிடித்தார்கள். நான்கு வருடம் சக கைதிகளைக் குழி தோண்டிப் புதைக்கிற வேலை. எத்தனை பேர் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறார், ஐந்நூறுக்கும் மேல் என்று பின்னால் சொன்னார்.

சுலைமான் கெங்கெங்

இனிதான் கணக்குப்பிள்ளை வருகிறார். சாட் ஏரி வடிநில ஆணையம் என்ற அமைப்பில் கணக்கர் வேலை பார்த்தவர் சுலைமான் கெங்கெங். அரசியல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், மற்ற நாள் பேரேடு என்று வாழ்ந்த மனுஷன். 1988 ஆகஸ்டில் எதிர்க்கட்சிக்கு உதவினார் என்று சொல்லிப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் உள்ளே. சில நாள் கும்மிருட்டு, சில நாள் இரவும் பகலும் அணையாத விளக்கு. கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. மலேரியா, மஞ்சள் காமாலை, நடக்க முடியாத நிலை. பக்கத்தில் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருக்க, உயிரோடு வெளியே போனால் இதற்கு நியாயம் கேட்காமல் விட மாட்டேன் என்று கடவுளிடம் சத்தியம் செய்துகொண்டாராம்.

1990 டிசம்பர் 1 அன்று ஹப்ரேயின் பழைய தளபதி இத்ரிஸ் டெபி படையோடு தலைநகருக்குள் வந்தார். ஹப்ரே கஜானாவைத் துடைத்து எடுத்துக்கொண்டு கேமரூன் வழியாக செனகலுக்குத் தப்பினார். சிறைக் கதவு திறந்தது. சத்தியம் செய்தவர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம், கெங்கெங் அதைச் செய்ய உட்கார்ந்தார். பாதிக்கப்பட்டவர்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பெயர், பிடிபட்ட நாள், இருந்த சிறை, அடித்த ஆள், கூட இருந்து செத்தவர்கள் என்று படிவம் போட்டு எழுதினார்கள். மொத்தம் 792 வாக்குமூலம். கணக்கரின் கை என்று பார்த்தாலே தெரியும்.

இதற்கிடையில் டெபி அரசும் ஒரு விசாரணை ஆணையம் போட்டது. மஹமத் ஹசன் அபக்கர் தலைமையில். பணம் கிடையாது, இடம் கிடையாது. கடைசியில் எங்கே அலுவலகம் கொடுத்தார்கள் தெரியுமா, டிடிஎஸ்ஸின் பழைய தலைமையகத்தில். அடிவாங்கிய கட்டடத்துக்கே போய் வாக்குமூலம் கொடு என்றால் யார் வருவார்கள். அப்படியும் 1992 மே மாதம் ஆணையம் ஒரு அறிக்கை கொடுத்தது. 3,780 பேரின் மரணத்தைப் பெயரோடு உறுதி செய்தார்கள். தங்கள் கைக்கு எட்டியது பத்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்று கணித்து, மொத்தம் 40,000 பேர் இறந்திருக்கலாம் என்றார்கள். பத்திரிகைகளில் எல்லாம் வருகிற அந்த 40,000 இப்படி வந்த மதிப்பீடு, தலை எண்ணிச் சொன்னதில்லை. ஹப்ரேயின் ஆதரவாளர்கள் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாமே பொய் என்று வாதாடினார்கள். அதனால்தான் எதைப் பெயரோடு நிரூபிக்க முடியும் என்பது இந்த வழக்கில் அவ்வளவு முக்கியமாக இருந்தது.

அறிக்கை வந்தது, அலமாரிக்குப் போனது. டிடிஎஸ் ஆட்களில் பலரை டெபி தன் அரசிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். தன்னை அடித்தவன் போலீஸ் அதிகாரியாகத் தெருவில் போவதைப் பார்க்கும்போது யாருக்கு வாய் திறக்க வரும்? கெங்கெங் அந்த 792 படிவங்களையும் வீட்டில் ஒளித்து வைத்துவிட்டு எட்டு வருடம் போலக் காத்திருந்தார்.

வாய்தா மேல் வாய்தா

1998 அக்டோபரில் லண்டனில் சிலி நாட்டின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே கைதானார். வேறு நாட்டில் செய்த சித்திரவதைக்கு இன்னொரு நாடு பிடிக்கலாமா என்று உலகமே பேசிக்கொண்டிருந்தபோது, சாட்டின் வழக்கறிஞர் தெல்ஃபின் ஜிரைபே, எங்கள் ஊர் பினோசே செனகல் தலைநகர் டக்கரில் சொகுசாக இருக்கிறாரே, அவரை என்ன செய்யலாம் என்று ஹ்யூமன் ரைட்ஸ் வாட்சிடம் கேட்டார். ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் சத்தமில்லாமல் இன்ஜமேனா போனார்கள். கெங்கெங் மறைவிடத்திலிருந்து படிவங்களை எடுத்துக் கொடுத்தார்.

2000 ஜனவரி 26 அன்று டக்கரில் புகார். ஒரே வாரம், பிப்ரவரி 3 அன்று நீதிபதி தெம்பா காஞ்சி ஹப்ரே மீது குற்றம் சாட்டி வீட்டுக்காவலில் வைத்தார். அந்த வேகத்தைப் பார்த்து எல்லாரும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார்கள். அடுத்த மாதமே செனகலில் அப்துலாயே வாட் தேர்தலில் ஜெயித்து அதிபரானார். ஹப்ரேயின் வழக்கறிஞரையே தன் சட்ட ஆலோசகராக நியமித்துக்கொண்டார். நீதிபதி காஞ்சி மாற்றப்பட்டார். ஜூலையில் மேல்நீதிமன்றம் குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது. 2001 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்க செனகலுக்கு அதிகாரம் இல்லை என்று முடித்துவிட்டது.

அப்புறம் பெல்ஜியம். அங்கே குடியுரிமை பெற்ற சாட் நாட்டவர் சிலர் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தார்கள். பெல்ஜிய நீதிபதி 2002இல் நேராக இன்ஜமேனா போய், நீச்சல் குளத்துக்குள் இறங்கிப் பார்த்து, சாட்சிகளை விசாரித்து, 2005 செப்டம்பரில் கைது வாரண்ட் பிறப்பித்தார். ஆளைக் கொடு என்று பெல்ஜியம் கேட்டது. செனகல் நீதிமன்றம் இதைத் தீர்மானிக்கவும் எங்களுக்கு அதிகாரமில்லை என்றது. வாட் விஷயத்தைத் தூக்கி ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மடியில் போட்டார். ஒன்றியம் 2006 ஜூலையில், ஆப்பிரிக்காவின் பெயரால் நீயே விசாரி என்று திருப்பி செனகலிடமே தந்தது. சரி, சட்டம் திருத்த ஒரு வருடம். பணம் வேண்டும் என்று சில வருடம். முதலில் கேட்ட தொகை 2 கோடியே 74 லட்சம் யூரோ, பேரம் பேசி 86 லட்சம் யூரோவில் வந்து நின்றது. நிதி தரும் நாடுகள் அதற்கும் தலையாட்டிய அதே 2010 நவம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம், செனகலின் சாதாரண நீதிமன்றம் ஆகாது, சர்வதேசத் தன்மையுள்ள தனி நீதிமன்றம் வேண்டும் என்று ஒரு புதுக் கட்டையைப் போட்டது. 2011 ஜூலையில் வாட் திடீரென்று ஹப்ரேயை விமானத்தில் ஏற்றி சாட்டுக்கே அனுப்பப் போகிறேன் என்று அறிவித்து, அங்கே போனால் உயிருக்கு ஆபத்து என்று ஐ.நா. சொன்னதும் பின்வாங்கினார். சிவில் கேஸுக்கு நம் ஊரில் சொல்வார்களே, தாத்தா போட்டால் பேரன் தீர்ப்பு வாங்குவான் என்று. அந்தக் கதைதான்.

இந்த வருடங்களில் புகார் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். கெங்கெங் வேலையை இழந்து, கண் சிகிச்சைக்கு அமெரிக்கா போய் அங்கேயே தங்கிவிட்டார். பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர் ஜாக்லின் முதெய்னா, ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்ட அடுத்த மாதமே, 2001 ஜூன் 11 அன்று, இன்ஜமேனாவில் பெண்கள் நடத்திய ஊர்வலத்தில் போலீஸ் வீசிய கையெறி குண்டில் காயமடைந்தார். அன்று அந்தப் போலீஸ் படையில் பொறுப்பில் இருந்த ஓர் அதிகாரி பழைய டிடிஎஸ் ஆள், முதெய்னா தயாரித்த புகாரில் பெயர் இருந்தவர். உலோகச் சில்லுகள் காலில் தங்கிவிட்டன. அந்தக் காலோடுதான் அவர் பதினான்கு வருடம் கழித்து டக்கர் நீதிமன்றத்தில் வாதாட எழுந்து நின்றார்.

2012இல் இரண்டு காரியம் நடந்தது. மார்ச்சில் வாட் தோற்று மேக்கி சால் வந்தார். ஜூலை 20 அன்று ஹேக்கில் சர்வதேச நீதிமன்றம், பெல்ஜியம் தொடுத்த வழக்கில், தாமதிக்காமல் விசாரி, இல்லையென்றால் ஆளை ஒப்படை என்று செனகலுக்குத் தீர்ப்பு சொன்னது. அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு ஒப்பந்தம், 2013 பிப்ரவரியில் 'ஆப்பிரிக்கச் சிறப்பு நீதிமன்ற அமர்வுகள்' திறப்பு, ஜூன் 30 அன்று ஹப்ரே கைது. பன்னிரண்டு வருடம் முடியாத காரியம் பன்னிரண்டு மாதத்தில் முடிந்தது. அதுவரை நடந்ததற்கெல்லாம் சட்டச் சிக்கல் காரணமென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மனமில்லை என்பதுதான் காரணம்.

காகிதம் பேசியது

தரையில் கிடந்த அந்தக் காகிதங்களைச் சங்கத்து ஆட்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து பிரித்து, அடுக்கி, நகலெடுத்தார்கள். தங்களைப் பற்றிய தாளையே தூசியிலிருந்து எடுத்துப் படித்தவர்கள் அவர்களில் உண்டு. பின்னர் புள்ளியியல் ஆய்வாளர்கள் அதைக் கணினியில் ஏற்றிக் கணக்கிட்டார்கள். மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் 12,321 பேர். அதில் காவலில் இறந்ததாகப் பதிவானவர்கள் 1,208 பேர். 898 கைதிகளைப் பற்றி டிடிஎஸ் நேராக ஹப்ரேவுக்கு அனுப்பிய தகவல்கள் 1,265. எனக்கு எதுவும் தெரியாது, கீழே இருந்தவர்கள் செய்தார்கள் என்று ஒரு அதிபர் சொல்ல முடியாமல் போன இடம் இதுதான்.

எண்ணை விட ஒரு தாள் கனமானது. செஞ்சிலுவைச் சங்கம், நோய்வாய்ப்பட்ட சில போர்க்கைதிகளை மருத்துவமனைக்கு மாற்ற அனுமதி கேட்டு எழுதிய கடிதம். அதன் மீது கையால் ஒரு குறிப்பு: இனிமேல் எந்தப் போர்க்கைதியும் சிறையை விட்டு வெளியே போகக் கூடாது, செத்தால் தவிர. அது ஹப்ரேயின் கையெழுத்து என்று நிபுணர் ஒப்பிட்டு உறுதி செய்தார். ஒரு வரிதான். நம் அலுவலகங்களில் கோப்பு ஓரத்தில் 'ஆவன செய்க' என்று எழுதுவார்களே, அந்த மாதிரி.

இன்னொரு தாளையும் சொல்லியாக வேண்டும். ரோஸ் லொகிஸிம் என்ற போராளிப் பெண்ணைப் பற்றியது. உள்ளே நடப்பதையெல்லாம், யார் யார் செத்தார்கள் என்பதையெல்லாம், வெளியே இருக்கும் குடும்பங்களுக்குத் துண்டுச் சீட்டில் கடத்திக்கொண்டிருந்தவர். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். 1986 மே மாதம் கடைசி விசாரணை. இந்தச் சிறையில் செத்தாலும் வருத்தமில்லை, சாட் நாடு எனக்கு நன்றி சொல்லும், வரலாறு என்னைப் பற்றிப் பேசும் என்று அவர் சொன்னதாக விசாரித்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இவள் திருந்த மாட்டாள் என்பது கீழே அவர்களுடைய முடிவு. அன்றே கொன்றுவிட்டார்கள். எதற்காக அந்த வாக்கியத்தை எழுதினான் அந்த எழுத்தன்? நக்கலுக்கா, ஒழுங்குக்கா, இல்லை ஏதோ உறுத்தியதா? எப்படியோ, அவன் எழுதாமல் விட்டிருந்தால் அந்த வார்த்தை அவரோடு போயிருக்கும்.

டக்கரில்

2015 ஜூலை 20 அன்று விசாரணை தொடங்கியது. ஹப்ரே வரமாட்டேன் என்றார், தூக்கிக்கொண்டு வந்தார்கள், கத்தினார், ஏகாதிபத்தியம் ஒழிக என்றார். அவருடைய வழக்கறிஞர்கள் வராததால் நீதிமன்றமே மூன்று வழக்கறிஞர்களை நியமித்து, அவர்கள் படிக்க 45 நாள் கொடுத்தது. செப்டம்பரில் மறுபடி கூடியபோது முகமூடி போட்ட காவலர்கள் அவரைச் சுமந்து வந்து உட்கார வைத்தார்கள். அதற்கப்புறம் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வெள்ளை அங்கி, முகத்தைச் சுற்றித் தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. 93 சாட்சிகள் அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

கெங்கெங் வந்தார். குழி தோண்டிய அபைஃபுத்தா வந்தார். பெண்கள் வந்தார்கள். 1988இல் தலைநகரச் சிறையிலிருந்து ஒரு பெண்கள் குழுவை வடக்குப் பாலைவனத்தில் வாதி தூம் ராணுவ முகாமுக்கு அனுப்பி, சிப்பாய்களுக்கு அடிமைகளாக வைத்திருந்தார்கள். இருபத்தேழு வருடம் வீட்டில்கூடச் சொல்லாததை அவர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதிபர் மாளிகையில் ஹப்ரேயே தன்னைப் பலாத்காரம் செய்தார் என்று ஒரு பெண் அவர் முன்னாலேயே நின்று சொன்னார்.

2016 மே 30 அன்று புர்க்கினா ஃபாசோவைச் சேர்ந்த நீதிபதி குஸ்தாவ் காம் தீர்ப்பு வாசித்தார். மனித குலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், சித்திரவதை, ஆயுள் தண்டனை. அரங்கில் பெண்கள் குலவையிட்டார்கள். ஹப்ரே கையை உயர்த்தி 'ஃபிரான்சாஃப்ரிக் ஒழிக' என்றார். பிரான்ஸ் தன் பழைய காலனிகள் மீது வைத்திருக்கும் பிடிக்கு அந்தப் பெயர். எட்டு வருடம் அந்தப் பிடியிலேயே நின்று ஆண்டவர் வாயிலிருந்து அது வந்தது. அதற்காக அவர் சொன்னது முழுப்பொய் என்று நான் சொல்ல மாட்டேன். டிடிஎஸ்ஸுக்குப் பணமும் பயிற்சியும் தந்ததாக விசாரணை ஆணையம் பெயர் சொன்ன அமெரிக்காவிலிருந்து ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. ஆயுதம் கொடுத்த பிரான்ஸிலிருந்தும் இல்லை. கறுப்பு செப்டம்பரில் ராணுவத்துக்குத் தலைமை தாங்கியவர் இத்ரிஸ் டெபி. தீர்ப்பு வந்தபோது அவர்தான் சாட்டின் அதிபர். அவர் பக்கம் விசாரணை திரும்பவே இல்லை. டக்கர் நீதிமன்றம் கேட்ட டிடிஎஸ் இயக்குநர் ஒருவரையும் அவர் அனுப்ப மறுத்துவிட்டார்.

2017 ஏப்ரல் 27 அன்று மேல்முறையீட்டில் தண்டனை உறுதியானது, ஒன்றைத் தவிர. ஹப்ரே நேரடியாகச் செய்ததாகச் சொல்லப்பட்ட பலாத்காரக் குற்றம் நீக்கப்பட்டது. அந்தப் பெண் சொன்னதை நம்பவில்லை என்பதால் இல்லை, குற்றப்பத்திரிகையில் முதலிலேயே சேர்க்காமல் தாமதமாக வந்தது என்ற காரணத்துக்காக. சட்டப்படி சரியாக இருக்கலாம். அத்தனை வருடம் கழித்து வாய் திறந்தவரிடம் போய் இதை எப்படிச் சொல்வது.

ஹப்ரே 2021 ஆகஸ்ட் 24 அன்று கொரோனா தொற்றி டக்கரில் இறந்தார். அங்கேயே அடக்கம்.

பணம்

மேல்முறையீட்டு அமர்வு 7,396 பேருக்கு இழப்பீடு என்று தீர்ப்பளித்தது. மொத்தம் 8,200 கோடி சிஎஃப்ஏ பிராங்குக்கு மேல். கோடியைப் பார்த்து மலைக்க வேண்டாம், ஒரு யூரோவுக்கு 656 பிராங்க். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் தலா 2 கோடி, சித்திரவதைக்கும் சிறைக்கும் ஆளானவர்களுக்கு 1.5 கோடி, இறந்தவர்களின் குடும்பத்தாருக்கு 1 கோடி. ஹப்ரேயிடமிருந்து கைப்பற்ற முடிந்ததோ டக்கரில் ஒரு வீடும் சில வங்கிக் கணக்குகளில் கொஞ்சம் பணமும். மீதிக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் ஒரு நிதியம் அமைத்துத் திரட்டித் தர வேண்டும் என்று ஏற்பாடு. ஹப்ரே செத்தபோது அதிலிருந்து ஒரு பிராங்க்கூட யார் கைக்கும் வந்திருக்கவில்லை.

இதற்கு முன்னாலேயே, 2015 மார்ச் 25 அன்று, இன்ஜமேனாவில் ஒரு நீதிமன்றம் டிடிஎஸ் ஆட்கள் 20 பேரைத் தண்டித்திருந்தது. 7 பேருக்கு ஆயுள். 7,000 பேருக்கு 7,500 கோடி பிராங்க் இழப்பீடு, அதில் பாதியை அரசு கொடுக்க வேண்டும், டிடிஎஸ் தலைமையகத்தை அருங்காட்சியகமாக்க வேண்டும், நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும், எல்லாம் ஒரு வருடத்துக்குள். வருடங்கள் போயின. விதவைகளும் கிழவர்களும் பதாகையோடு இன்ஜமேனா வெயிலில் நின்றார்கள், போலீஸ் கலைத்தது, மறுபடி நின்றார்கள்.

டெபி 2021 ஏப்ரலில் போர்முனையில் இறந்து மகன் மஹமத் இத்ரிஸ் டெபி பதவிக்கு வந்தார். 2022 அக்டோபர் 20 அன்று தேர்தல் கேட்டுத் தெருவுக்கு வந்தவர்களைப் படை சுட்டது. அரசு ஒப்புக்கொண்ட கணக்கிலேயே ஐம்பது பேருக்குக் குறையாமல் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களை லாரியில் ஏற்றிப் பாலைவனத்தில் உள்ள கோரோ டோரோ சிறைக்குக் கொண்டுபோனார்கள்.

2024 பிப்ரவரியில் ஒருவழியாக அரசு பணம் கொடுக்கத் தொடங்கியது. 1,000 கோடி பிராங்க் ஒதுக்கி, 10,700 பேருக்குப் பிரித்தார்கள். ஆளுக்கு 9,25,000 பிராங்க், இந்திய ரூபாயில் ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம். சித்திரவதைக்கு டக்கர் நீதிமன்றம் சொன்ன 1.5 கோடியோடு ஒப்பிட்டால் நூற்றுக்கு ஆறு. பலருக்கு அதை வாங்கிக்கொள்ள பிள்ளைகள்தான் வந்தார்கள்.

அதே பிப்ரவரி 28ஆம் தேதி, இன்ஜமேனாவில் எதிர்க்கட்சித் தலைவர் யாயா தில்லோவின் கட்சி அலுவலகத்தை ராணுவம் சுற்றி வளைத்துத் தாக்கியது. தில்லோ உள்ளேயே கொல்லப்பட்டார். கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள்.